குடிக்காமல் வைத்த கிண்ணம்

அறுபத்தெட்டாவது படியில்தான் எக்பர்ட்டுக்குத் தெரிந்தது, கேனைக் குனிந்து தூக்கியபோது டையின் நுனியும் கைப்பிடியோடு சேர்ந்து தன் பிடிக்குள் வந்துவிட்டது என்று. இரண்டு கையிலும் இருபது லிட்டர். கீழே வைத்தால் மறுபடி தூக்கத் தெம்பு இருக்காது. சந்தைக்கு இழுத்துப்போகும் மாடு மாதிரி கழுத்தைக் கோணிக்கொண்டே மிச்சப் படிகளை ஏறினான்.

கீழே ஃபலாஃபல் கடை ஃபவ்வாஸ் எண்ணெய்ச் சட்டியை விட்டு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"ஏ அமெரிக்கா! எங்க ராஜா உங்ககிட்ட விமானம் கேட்டாரு. நீங்க தண்ணி லாரி அனுப்பி வெச்சிருக்கீங்க! அதுவும் டை கட்டின லாரி!"

தெருவே சிரித்தது. எக்பர்ட் சிரிக்கவில்லை. நாலு வாரமாகவே அவன் சிரிக்கவில்லை.

ஜோர்டான் நாட்டின் வடக்கே, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே குன்றின்மேல் இருக்கிறது தேர் லோஸ். அங்கே வந்து இறங்கிய முதல் நாளே எக்பர்ட் ஒரு தவறு செய்தான். சட்டைப்பையில் தொங்கிய கறுப்புப் பெயர்ப்பட்டையைக் காட்டி, 'எல்டர்' என்றால் பெரியவர் என்று அர்த்தம் சொல்லிவிட்டான். வயது இருபது. கன்னத்தில் பூனைமயிர். அன்று முதல் ஊருக்கு அவன் பெரியவர். "வாங்க பெரியவரே, மீசை முளைச்சுதா?" என்று முடிவெட்டுகிறவன் தினமும் விசாரிப்பான். பத்தொன்பது மாதமாக அவனுடைய சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. மதம் பரப்ப மார்மன் சபை அனுப்பிய ஊழியனுக்கு விதிகள் நிறைய. ஆறரைக்கு எழ வேண்டும். வேதம் படிக்க வேண்டும். கூட்டாளியின் கண்ணை விட்டு அகலக் கூடாது. தெருவில் நின்று மதம் பேசக் கூடாது. கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போகலாம். அந்த வீட்டிலும் பெண் தனியாக இருந்தால் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காபி கூடாது. விருந்தாளி வந்து உட்கார்வதற்குள் காபி ஊற்றிவிடுகிற தேசத்துக்கு, காபி குடிக்காதவனைத் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

கூட்டாளி எல்டர் ஃபோனுவா, தொங்கா தீவுக்காரன். கதவு நிலையில் பக்கவாட்டாக நுழைகிற உடம்பு. அவன் கைக்கு இரண்டாக நாலு கேன்களை ஏந்தி, பாட்டுப் பாடிக்கொண்டே மேலே போய்விட்டிருந்தான்.

தண்ணீர் எங்கிருந்து? பள்ளிவாசல் குழாயிலிருந்து. "தண்ணி ஆண்டவனோடது, பிடிச்சுக்கோங்க, செருப்பை மட்டும் வெளிய விடுங்க" என்றார் பாங்கு சொல்கிற கிழவர். ஃபவ்வாஸ் இதையும் விடவில்லை. "கிறிஸ்தவன் தண்ணியைப் பூட்டறான், முஸ்லிம் குழாயைத் திறக்கறான், ரெண்டுலயும் சேராத இவனுங்க சுமக்கறானுங்க! ஐ.நா. சபைகூட இவ்வளவு ஒத்துமையா வேலை செஞ்சதில்லை!"

பூட்டியவன் பெயர் அபு நஸ்ரி. காபிக்கொட்டை வறுத்து விற்கும் வியாபாரி. பெரிய வீடு; கீழ்த்தளத்தில் அவன் குடும்பம், மேல்தளத்தில் செத்துப்போன தம்பியின் மனைவி உம் கஸ்ஸான். மகன் கஸ்ஸான் குவைத்தில் வேலையில் இருக்கிறான். நகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். அதற்குள் மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டவன் அந்த வாரம் மனிதன். நிரப்பாதவன் ஒட்டகம்.

இரண்டு தளத்துக்கும் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் திருகுகள் அபு நஸ்ரியின் முற்றத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. உம் கஸ்ஸான் குடும்பத்தின் பரம்பரைச் சபையை விட்டு இந்த மார்மன் பையன்களின் சபையில் ஞானஸ்நானம் வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட வாரம், அவளுடைய திருகை இறுக்கி மூடிவிட்டு, பெட்டிக்குப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினான்.

"தண்ணியை நான் நிறுத்தினேனா? ஆண்டவனே!" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். "பெட்டியைத்தான் பூட்டியிருக்கேன். அந்த ரெண்டு டைக்காரனுங்களும் என் படி ஏறறதை நிறுத்தட்டும், அன்னைக்கே திறக்கறேன்."

அவனுடைய தொட்டி நிரம்பி வழிந்து, முற்றத்து ரோஜாச் செடிகள் நனைந்துகொண்டிருந்தன. அதை மேலிருந்து பார்க்கும்போதெல்லாம் எக்பர்ட்டுக்குக் காது மடல் சுட்டது. அம்மானில் இருந்த மிஷன் தலைவருக்குப் போன் செய்தான். குடும்பச் சண்டையில் தலையிடாதே என்றார். சரி, நாமே ஒதுங்கிவிடலாம் என்று உம் கஸ்ஸானிடம் சொல்லிப் பார்த்தான்.

"என்ன சொன்னே?" என்றாள். கையில் வெங்காயம் அரியும் கத்தி. "என் வாசல்ல யார் ஏறணும்னு அவன் சொல்றதா? நீ சொல்றதா? முப்பத்திநாலு வருஷம் அவன் தம்பி கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன். இன்னொரு தடவை ஒதுங்கறேன்னு சொன்னா, அவன் பூட்டுப் போட வேண்டாம், நானே போட்டுருவேன். உன் வாய்க்கு!"

இன்று நாலாவது செவ்வாய். ஃபோனுவா கேன்களை இறக்கிவிட்டு மாடிப்படித் திண்டில் உட்கார்ந்திருந்தான். எக்பர்ட்டும் உட்கார்ந்தான். விதிப்படி அவர்கள் அந்த வீட்டில் ஏறுவது இந்தத் திண்டு வரைதான். வாசலுக்கு உள்பக்கம் உம் கஸ்ஸான், வெளிப்பக்கம் இவர்கள். கீழே அபு நஸ்ரி உறவுக்காரர்களை வைத்து உட்காரும் கூடத்தின் ஜன்னல் நேராகத் தெரியும். அங்கே பேசுவது இங்கே கேட்கும். இங்கே இருமினால் அங்கே கேட்கும்.

"எங்க உங்க வலது கை, சித்தி?" என்றான் எக்பர்ட். அவள் இடது கையால் பருப்பு கிளறிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு, இருக்கு. எங்கயும் போகலை."

"காட்டுங்க."

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணிக்குள்ளிருந்து எடுத்தாள். மணிக்கட்டு பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. விடியற்காலையில் யாரும் பார்ப்பதற்குள் தானே இரண்டு வாளி கொண்டுவந்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறாள். "ஊர் உங்களைப் பாத்துச் சிரிக்குது. எனக்குக் கேக்காதா என்ன? அதான். நாப்பதாவது படியில வழுக்கிடுச்சு."

எக்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூஞ்சியைத் தூக்காதே. தண்ணியை அவன் நிறுத்தினான். காபியை நீ நிறுத்தினே. இன்னும் மூச்சு ஒண்ணுதான் என் கையில இருக்கு. அதைக் கேக்க யாரு வரப்போறீங்கன்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு ஒன்பது கிண்ணம் குடித்தவளை ஒன்பதிலிருந்து ஆறு, ஆறிலிருந்து மூன்று என்று ஆறு மாதமாகப் பேரம் பேசி இறக்கியவன் அவன்தான். பழைய டிராக்டர் விற்கிறவரின் மகன்; பேரம் அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பத்தொன்பது நாளாக அவள் ஒரு சொட்டு தொடவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அம்மானில் ஞானஸ்நானம். அதற்குமுன் தலைவர் கேட்பார்: காபி விட்டாயிற்றா? ஆயிற்று என்று அவள் சொல்ல வேண்டும். பத்தொன்பது மாதத்தில் எக்பர்ட்டுக்குக் கிடைத்த ஒரே ஆள் அவள்.

எழுந்து டையை நேராக்கினான்.

"எங்க போறே, எல்டர்?" என்றான் ஃபோனுவா.

"கீழே. காபி குடிக்காம இருக்கப் போறேன்."

ஃபோனுவா ஒரு கணம் விழித்தான். பிறகு அவன் முகம் மெல்ல விரிந்தது. ஜூன் மாதம் இதே திண்டிலிருந்து இருவரும் பார்த்திருக்கிறார்கள். அபு நஸ்ரியின் மகளைப் பெண் கேட்டு ஒரு கூட்டம் கூடத்துக்கு வந்தது. காபி ஊற்றினார்கள். வந்தவர்களில் மூத்தவர் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்துவிட்டார். தேவை இருக்கிறவன் அப்படித்தான் செய்வான். தேவையைத் தீர்க்காமல், குடிக்காத கிண்ணத்தோடு விருந்தாளியை எழுப்பி அனுப்பிய வீட்டுக்கு ஊரில் தலை நிமிராது. "குடிங்க, பொண்ணு உங்களுது" என்று அபு நஸ்ரி சொன்ன பிறகுதான் அந்த மூத்தவர் கிண்ணத்தை எடுத்தார்.

"எங்க தீவுலயும் சடங்குக் கிண்ணத்தை வெச்சுத்தான் ராஜாவையே சிம்மாசனத்துல உக்கார வைப்பாங்க" என்றான் ஃபோனுவா, எழுந்துகொண்டே. "ஆனா எல்டர், தலையிடக் கூடாதுன்னு சொன்னாரே?"

"கையைப் பாத்தே இல்ல?"

"பாத்தேன். வா போகலாம்."

கூடத்தில் மெத்தைமேல் சாய்ந்திருந்த கிழவர்கள் ஆறு பேர். நடுவில் கணப்பு, அதன்மேல் மூக்கு நீண்ட பித்தளைச் சொம்பு. மணி இரண்டே முக்கால்.

"அடடே, பெரியவரே!" என்று இரண்டு கையையும் விரித்தான் அபு நஸ்ரி. "வாங்க வாங்க. தண்ணி வியாபாரம் சூடு பிடிச்சிருக்காமே? எங்களையும் பங்குக்குச் சேத்துக்கோங்க!"

கிழவர்கள் குலுங்கினார்கள். எக்பர்ட் மெத்தையில் உட்கார்ந்தான். ஃபோனுவா உட்கார்ந்ததும் பக்கத்துக் கிழவர் லேசாக மேலே எழும்பி இறங்கினார். அபு நஸ்ரி வழக்கம் தவறாமல் இடது கையில் சொம்பும் வலது கையில் கிண்ணமுமாக வந்து அடி மட்டும் நனைகிற அளவு ஊற்றி நீட்டினான். நீட்டும்போதே கண்ணில் சிரிப்பு. எக்பர்ட் நெஞ்சில் கைவைத்து, காபி வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்பான், கூடம் சிரிக்கும். ஊரில் நிறைய தடவை ஓடிய நாடகம் அது.

எக்பர்ட் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அபு நஸ்ரியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! என் கொட்டை வாசனைக்கு மார்மன் மதமே கவுந்துருச்சு!"

எக்பர்ட் கிண்ணத்தைத் தன் முன்னால் கம்பளத்தின்மேல் வைத்தான். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

ஒரு கிழவரின் ஜபமணி நின்றது.

"என்ன இது?" என்றான் அபு நஸ்ரி.

"எனக்கு ஒரு தேவை இருக்கு, மாமா."

"தேவையா?" அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். "ஐயா, இவன் குடிக்கவே மாட்டான்! ஊருக்கே தெரியும்! மொட்டைத் தலையன் என் சீப்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மிரட்டற மாதிரி இருக்கு!"

மூலையில் சாய்ந்திருந்த அபு ஸுஹைல் நிமிர்ந்தார். எண்பத்தாறு வயது. குலத்துக்கு மூத்தவர். "ஊத்தினது யாரு?"

"நான்தான். ஆனா..."

"வாங்கினான் இல்ல?"

"வாங்கினான். அவன் மதத்துல..."

"கீழே வெச்சான் இல்ல? அவன் வயித்துக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு வழக்கத்துல எங்கயும் இல்லை. கேளு, என்ன தேவைன்னு."

அபு நஸ்ரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். எக்பர்ட் படி இறங்கும்போதே நல்ல புத்தக அரபியில் மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தான். வாயைத் திறந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. தெருவில் கற்றதுதான் வந்தது.

"நாங்க வரது பிடிக்கலைன்னா எங்களைத் திட்டுங்க. கல்லால அடிங்க. படியில எண்ணெய் ஊத்துங்க, நாங்க விழுந்து எழுந்துக்கறோம், எங்களுக்கு எலும்பு கெட்டியா இருக்கு. அம்பத்தெட்டு வயசுப் பொம்பளை, உங்க தம்பி பொண்டாட்டி, விடியறதுக்குள்ள யாரும் பாக்காம வாளி தூக்கி, விழுந்து, கை வீங்கி மேலே உக்காந்திருக்காங்க. கீழே உங்க ரோஜாச் செடி தண்ணி குடிக்குது. மாமா, இந்தக் காபி எந்தத் தண்ணியில போட்டீங்க?"

பூட்டு விஷயம் ஆறு கிழவர்களுக்கும் தெரியும். நாலு வாரமாக அந்த முற்றத்தைத் தாண்டித்தான் வந்து உட்கார்ந்தார்கள். விழுந்ததுதான் தெரியாது. தெரியாமல் போனதும் அவர்களுக்குச் சௌகரியமாகவே இருந்தது. இப்போது ஒவ்வொருவரும் தத்தம் கையிலிருந்த கிண்ணத்தைப் புதிதாகப் பார்த்தார்கள்.

அபு நஸ்ரி காபி விற்கிறவன். சந்தையில் முப்பது வருஷம் நின்றவன். கையிலிருந்து நழுவிய சரக்கை எந்த வழியாக மறுபடி பிடிப்பது என்று அவனுக்குத் தெரியும். மெதுவாகச் சிரித்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"முடிஞ்சுது. உன் தேவை தீர்ந்துச்சு, பெரியவரே. சாவி இதோ." சொம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இப்ப குடி."

எக்பர்ட் அவனைப் பார்த்தான்.

"என்ன பாக்கறே? தேவை தீர்ந்தா குடிக்கணும். அதுவும் வழக்கம்தான். குடிக்காம எழுந்தா என் வீட்டை அவமானப்படுத்தினதா ஆகும். அப்புறம் குடுத்தது குடுத்ததில்லை. என்ன பெரியப்பா?"

அபு ஸுஹைல் தாடியைத் தடவினார். அவருக்கும் பிடிக்கவில்லை. "ஆமா" என்றார். "குடிக்கணும்."

டிராக்டர் கொட்டகையில் எக்பர்ட் இதைப் பார்த்திருக்கிறான். விலை படிந்து கை குலுக்கிய பிறகு, சக்கரம் தனி என்று அப்பா சொல்வார். அப்போது வாங்க வந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. கோபத்தில் கண் கலங்கியது. கலங்கியதற்காக இன்னும் கோபம் வந்தது. ஒரு மடக்கு. அவ்வளவுதான் இருந்தது கிண்ணத்தில். ஆனால் 'முடியும் சித்தி, நான் தொட்டதே இல்லை, நீங்களும் இருக்கலாம்' என்று அவன் கொடுத்த வார்த்தையை நம்பித்தான் மேலே ஒருத்தி பத்தொன்பது நாள் தலைவலியோடு இருந்தாள். இந்த ஆள் அந்த வார்த்தையின்மேலும் அல்லவா பூட்டை மாட்டுகிறான்!

"என்கிட்ட குடு, எல்டர்" என்று ஃபோனுவா ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். "என் வயித்துல அது போன இடம் தெரியாது. தலைவர் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"வெச்சது நான்."

எக்பர்ட் கிண்ணத்தை எடுத்தான். ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. நல்ல வாசனை. அதுவும் அநியாயமாகப் பட்டது.

"கீழே வை!"

கூடத்து வாசலில் உம் கஸ்ஸான். ஆண்கள் உட்காரும் கூடத்தில் பெண் வந்து நின்றால் பேச்சு தானாக நின்றுவிடும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காலில் ரப்பர் செருப்பு. வீங்கிய கையை மார்போடு அணைத்திருந்தாள். கம்பளத்தின்மேல் செருப்போடு நடந்து வந்து எக்பர்ட் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"என்ன இது, தங்கச்சி?" என்று எழுந்தான் அபு நஸ்ரி.

"பெரிய மாமா," அவள் அபு ஸுஹைலைத்தான் பார்த்தாள், "தேவை யாரோடது? இவனோடதா? இவன் வீட்டுல தண்ணி இருக்கு. தேவை என்னோடது. பொம்பளை இங்க வந்து உக்காரக் கூடாதுன்னு இவனை என் வாயா அனுப்பினேன்னு வெச்சுக்கோங்க. தேவை என்னோடதுன்னா கிண்ணமும் என்னோடது. சரியா, தப்பா?"

கிழவர் யோசிக்கக்கூட இல்லை. "சரி."

"சித்தி, வேண்டாம்!" என்றான் எக்பர்ட். "வெள்ளிக்கிழமை! பத்தொன்பது நாள்!"

"சும்மா இரு, பெரியவரே."

குடித்தாள். ஒரே மடக்கு. கண்ணை மூடி ஒரு நொடி அப்படியே நின்றாள். அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் தியாகம் என்று சத்தியம் செய்ய மாட்டார்கள். பிறகு கிண்ணத்தை, போதும் என்பதற்கு அடையாளமாக இரண்டு ஆட்டு ஆட்டி அபு நஸ்ரியின் கையில் திணித்தாள்.

"கொட்டையை வழக்கம்போலக் கருக வறுத்திருக்கே" என்றாள். குனிந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "என் வாய்க்குள்ள போன இந்தக் காபியோட பாவம் உன் தலையில. என் மாமியார் வளத்த பிள்ளையா நீ?"

அபு நஸ்ரி வாயைத் திறந்தான். அபு ஸுஹைல் ஒரு விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டான்.

மூன்று மணிக்குக் குழாய் முதலில் விக்கியது, பிறகு இருமியது, பிறகு மொட்டைமாடித் தொட்டிக்குள் தடதடவென்று கொட்ட ஆரம்பித்தது. ஃபோனுவா மேலே போய்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினான். எக்பர்ட் திண்டில் உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, முடியவில்லை.

"போனைக் குடுங்க, சித்தி."

"யாருக்கு?"

"தலைவருக்கு."

வயரை இழுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அவன் எண்களை அழுத்திய வேகத்தில் கருவி நகர்ந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் தயாரா, எல்டர்?" என்றார் தலைவர் மறுமுனையில்.

"அவங்க ஒரு கிண்ணம் காபி குடிச்சாங்க. அரை மணி முன்னாடி." மூச்சு விடாமல் பேசினான். பூட்டு, கை, கிண்ணம், சாவி. "தலையிடாதேன்னு சொன்னீங்க, தலையிட்டேன். அந்தக் கிண்ணத்தை வாங்கினது நான். குடிச்சிருக்க வேண்டியது நான். எனக்காகக் குடிச்சாங்க. அதுக்காக அவங்க வெள்ளிக்கிழமையைத் தள்ளிப் போடறதுன்னா, ஐயா, அது அந்த ஆள் போட்ட பூட்டை விட மோசம். யார்மேலயாவது எழுதணும்னா என் பேர்ல எழுதுங்க!"

இப்படி அவன் எந்தப் பெரியவரிடமும் பேசியதில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தான். அனுப்பட்டும்.

"போனை அந்த அம்மாகிட்ட குடு" என்றார் தலைவர். அவர் அரபி படித்தவர்.

உம் கஸ்ஸான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எக்பர்ட்டுக்கு இவள் பேசியது மட்டும்தான் கேட்டது.

"ஆமா... குடிச்சேன்... ஒண்ணுதான்... இல்லை, மருந்து மாதிரி எல்லாம் இல்லை, ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு."

எக்பர்ட் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"மறுபடியா? எதுக்கு? அவன்கிட்ட இருந்து எனக்கு இனிமே ஒண்ணும் வாங்க வேண்டியதில்லையே... ம்... ம்... சரி."

அதன்பின் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். வீங்கிய கையால் கண்ணைத் துடைத்தாள், வலித்தது போலும், முகம் சுளித்தாள். பிறகு எக்பர்ட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"வெள்ளிக்கிழமை வரேன்" என்றாள் போனில். "முழுக்கு எடுக்கற தொட்டியில தண்ணி நிரப்பிட்டீங்களா? இல்லைன்னா சொல்லுங்க. இப்ப என்கிட்ட நிறைய இருக்கு."